நன் என்பவரை உள்ளே அனுப்பவும்

எங்கள் ஆபீஸ் மிஷன் வீதிக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில், மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே கடைக்கார பாய் பஞ்சு அடிக்க ஆரம்பித்தால் மேலே எங்கள் கீபோர்டுகளின் மேல் வெள்ளையாக இறங்கும். அதை ஊதித் தள்ளிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். ஆபீஸ் என்றால் முதலாளி, முசியே, நான். வாசல் பலகையில் 'குளோபல்' என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு இன்டர்வியூவுக்கு வந்தவள் நான். உள்ளே மூன்று நாற்காலிகளைப் பார்த்ததும் திரும்பிப் போயிருக்கலாம். வெயில் கொளுத்தியது, ஃபேன் நன்றாகச் சுற்றியது, உட்கார்ந்துவிட்டேன்.

முசியே என்பது நான் வைத்த பேர், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். குடும்பம் முழுக்க பிரெஞ்சுக் குடியுரிமை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் ஒன்று, ஞானஸ்நானப் பேர் மூன்று. பேச்செல்லாம் நம்ம ஊர்த் தமிழ்தான். கோபம் வந்தால் மட்டும் "மே நோன்!" என்று ஆரம்பிப்பார். அதெல்லாம் கிடையவே கிடையாது என்று அர்த்தம். ஒரு நாளைக்குப் பல தடவை கோபம் வரும். கிண்டலுக்கு முசியே என்று கூப்பிட ஆரம்பித்தேன், அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். அப்படியே நின்றுவிட்டது.

நான் சேதராப்பட்டுப் பக்கம். வீட்டில் விவசாயம். பள்ளிக்கூடம் மட்டும் டவுனில் கான்வென்ட். என் பேர் ஒரே ஒரு சொல். அதற்கு முன்னால் அப்பா பேரின் முதல் எழுத்து, ஒரு புள்ளி. இந்தப் புள்ளியால்தான் பின்னால் அத்தனை கூத்தும் நடந்தது.

எங்களுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் டவுனில் ஒரு கண் ஆஸ்பத்திரி. நோயாளியின் பேரைப் பதிவது, வரிசையில் வைப்பது, முறை வந்ததும் ஒலிபெருக்கியில் பேர் சொல்லி அழைப்பது, எல்லாம் எங்கள் மென்பொருள். பைத்தான் என்ற நிரல்மொழியில் முசியே எழுதியது. உள்ளே எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் பேர் வைத்திருந்தார். சொந்தப் பேருக்கு 'பிரெநோம்', குடும்பப் பேருக்கு 'நோம்'. சேர்ந்த புதிதில் நோம் என்றால் ஏதோ கண் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பேருக்கு ஒரே நோயா என்று கவலைகூடப் பட்டேன்.

அந்தச் சமயத்தில் முதலாளி பிரான்ஸில் ஒரு கிளினிக்கோடு வீடியோவில் பேசினார். இதே மென்பொருளை அவர்களுக்கும் விற்கலாம் என்று அவருக்கு ஆசை. அவர்கள், பைத்தான் கோடு முழுக்க டைப் ஹிண்ட் இருக்கிறதா, டைப் செக்கர் சுத்தமாக ஓடுகிறதா என்று கேட்டிருக்கிறார்கள். முதலாளி எல்லாம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அழைப்பை முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"டைப் ஹிண்ட்னா இன்னாம்மா?"

சொன்னேன். கோடில் ஒவ்வொரு பெட்டியிலும் என்ன வரும் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுவது. இதில் எண் வரும், இதில் எழுத்து வரும், இதில் எழுத்து வரலாம், காலியாகவும் இருக்கலாம் என்று. டைப் செக்கர் என்பது அந்தச் சீட்டுகளைப் படித்துப் பார்த்து, "இங்கே எண் என்று ஒட்டியிருக்கிறாய், அங்கே எழுத்தை அனுப்புகிறாயே" என்று கத்துகிற நிரல். கோடை ஓட்டிப் பார்க்காது. அடுப்பே பற்றவைக்காமல், எழுதிவைத்த செய்முறையை மட்டும் படித்துவிட்டு "ரெண்டு தடவை உப்பு போட்டிருக்கே" என்று சொல்கிற மாதிரி.

"தப்பு இருந்தா?"

"செவப்பா வரும் சார். தப்பே இல்லன்னா கடைசில ஒரு வரி பச்சையா வரும்."

முதலாளிக்குப் பச்சை மட்டும் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து படியேறி வரும்போதே "பச்ச வந்துச்சா?" என்பார். நாற்று விட்டுவிட்டு எங்கப்பாகூட அப்படிக் கேட்டதில்லை.

வேலை என் தலையில் விழுந்தது. சீட்டு ஒட்ட ஆரம்பித்தேன். செக்கரை முதல் தடவை ஓட்டியபோது திரை முழுக்கச் சிவப்பு. முசியே என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இத்தினி வருஷமா ஓடுது, ஒரு கம்ப்ளெய்ன்ட் கெடையாது, நேத்து வந்தது தப்புங்குது" என்றார். ஆனால் செக்கர் சொன்னதில் பாதி நிஜமான தப்பு. ஓர் இடத்தில் நோயாளியின் வயது போகவேண்டிய பெட்டியில் '4பி' என்று அறையின் பேர் போய்க்கொண்டிருந்தது. அதைக் காட்டியதும் முசியே கொஞ்ச நேரம் பிரெஞ்சில் யோசித்தார். பிறகு கீழே போய் டீ வாங்கிக்கொண்டு வந்தார். அவரிடமிருந்து மன்னிப்பு அந்த வடிவத்தில்தான் வரும்.

சிவப்பு குறைந்து ஏறக்குறைய பச்சைக்கு வந்த சமயம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. பதிவு கவுன்ட்டரில் இருக்கும் அக்கா பேசினார். குடும்பப் பேரைக் கட்டாயமாகக் கேட்பதால் தினமும் சண்டையாம். "எனக்கு ஒரே பேர்தாங்கறாங்க. அப்பா பேரச் சொல்லுங்கன்னா, செத்துப்போனவர எதுக்கு வரிசைல நிக்கவைக்கறேங்கறாங்க. நாங்க அந்த எடத்துல வெறும் புள்ளி வெச்சு புள்ளி வெச்சு அனுப்பறோம். அத வேணும்னா எழுதலாம், இல்லன்னா விட்டுடலாம்னு மாத்திக் குடுங்க மேடம்."

நியாயமான கோரிக்கை. மாற்றினேன். நோம் என்ற பெட்டியில் 'எழுத்து' என்று இருந்த சீட்டைக் கிழித்துவிட்டு, 'எழுத்து அல்லது காலி' என்று ஒட்டினேன். பைத்தானில் காலி என்பதற்கு ஒரு சொல் உண்டு. நன். ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

செக்கரை ஓட்டினேன். கோயம்பேட்டில் தக்காளி லாரி கவிழ்ந்த மாதிரி ஆகிவிட்டது. குடும்பப் பேரைத் தொட்ட ஒவ்வொரு வரியும் சிவப்பு. இங்கே நன் வரலாம், அங்கே நன் வரலாம், நன்னைப் பெரிய எழுத்தாக மாற்ற முடியாது, நன்னை வெட்ட முடியாது, ஒட்ட முடியாது. 'காலியாக இல்லாவிட்டால் மட்டும் செய்' என்று ஒவ்வோர் இடத்திலும் நிபந்தனை எழுதினேன். அப்படி எழுதிய பிறகும் உள்ளே இன்னொரு குட்டி ஃபங்ஷன், அதாவது நிரலுக்குள் ஒரு குட்டி நிரல், இருந்தால், அதற்குள் போனதும் செக்கருக்கு அந்த நிபந்தனை மறந்துபோய்விடும். மறுபடி சிவப்பு. வெளியில் ஒரு தடவை சொல்லி, உள்ளே ஒரு தடவை சொல்லி, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

முசியே கடுப்பாகிவிட்டார்.

"மே நோன்! ஒரு மனுஷனுக்கு நோம் இல்லாம எப்பிடி இருக்கும்?"

"எனக்கே இல்லயே முசியே."

"ஒனக்குத்தான் இனிஷியல் இருக்கே."

"அது எங்கப்பா பேரு."

"அதான் நோம்."

"அப்ப எங்கப்பாவுக்கு?"

"அவருக்கு அவங்கப்பா பேரு."

"அப்ப எங்க வீட்ல ஆளாளுக்கு ஒரு குடும்பம்."

"அது ஒங்க வீட்டுப் பிரச்சன, கோடுக்குள்ள எதுக்குக் கொண்டாற?"

சிவப்புக்கு அவரிடம் ஒரு மருந்து இருந்தது. சிவப்பு வருகிற வரியின் ஓரத்தில் 'இக்னோர்' என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டால், செக்கர் அந்த வரியைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவசரத்துக்கு உதவட்டும் என்று வைத்த வசதி. நான் மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு வருவதற்குள் முசியே நாயுருவி முள் ஒட்டின மாதிரி கோடு முழுக்க இக்னோர் ஒட்டிவிட்டார். ஓட்டினார். பச்சை.

முதலாளி அந்தப் பச்சை வரியை ஃபோனில் படம் பிடித்தார். எல்லோருக்கும் முட்டை பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தார். எனக்கு வாயில் பஃப்ஸ் இருந்ததால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. மென்று விழுங்கியபோது புது வடிவம் ஆஸ்பத்திரியில் ஓட ஆரம்பித்திருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலை நேரம். கவுன்ட்டர் அக்கா ஃபோனில் பதறினார்.

"மேடம், ஒடனே வாங்க. ஒங்க சாஃப்ட்வேரு ஒரு சிஸ்டர் கண்ணுல மருந்து ஊத்திடுச்சு."

மென்பொருளுக்குக் கை கிடையாது என்று விளக்க நேரமில்லை. முசியேவை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்க, "என் கோடுல ஒண்ணும் இருக்காது" என்று என் ஹெல்மெட்டுக்குள் கத்திக்கொண்டே வந்தார்.

காத்திருக்கும் கூடம் நிரம்பியிருந்தது. ஒலிபெருக்கி பழசு. அதன் அடியில் பெரிய ஃபேன் ஒன்று சத்தத்துக்கென்றே சுற்றிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி அழைத்தால் பேரின் முன்பாதி ஃபேனில் அடிபட்டுவிடும், கடைசி எழுத்துகள்தான் காதில் விழும். நாங்கள் உள்ளே நுழையும்போதே அது ஒருவரை அழைத்தது. யாரோ ஒருவருடைய பேர் கரகரவென்று போனது. அதன் பின்னால், கணீரென்று, "நன். அறை நாலு பி."

முன்வரிசையில் வெள்ளை அங்கி போட்ட வயதான கன்னியாஸ்திரி ஒருவர் எழுந்தார்.

"திரும்ப எந்திரிக்குது பாரு!" என்றார் பின்வரிசையில் ஒரு குருசுக்குப்பத்து அம்மா. "அந்த சிஸ்டருக்கு எத்தினி கண்ணு? எத்தினி வாட்டிதான் உள்ள போவும்?"

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பேருக்குப் பின்னால் குடும்பப் பேர் இல்லாத ஒவ்வொருவரையும் எங்கள் மென்பொருள் 'இன்னார் நன்' என்று அழைத்துக்கொண்டிருந்தது. இங்கிலீஷில் கன்னியாஸ்திரிக்கும் நன் என்றுதான் பேர். கூடத்தில் அதைத் தன் அழைப்பென்று எடுத்துக்கொண்ட நன் இவர். கூப்பிட்டார்கள், போனார்.

நான் ஓடிப்போய் வழிமறித்தேன். வழிமறித்ததும் கான்வென்ட் பழக்கத்தில் கைகள் தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

"சிஸ்டர், ஒங்களக் கூப்பிடல சிஸ்டர்."

அவர் என் குரல் வந்த திசைக்குக் கொஞ்சம் இடதுபக்கமாகப் பார்த்தார். கண்மணியைப் பெரிதாக்கும் மருந்து. எல்லாம் மங்கலாகத்தான் தெரியும்.

"நன்னுன்னுதானே கூப்புடுது?"

"அது வேற நன் சிஸ்டர். ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

"ஒண்ணுமில்லாதவளா நானு?"

முசியே எனக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். அவருக்கு ஞானஸ்நானப் பேர் மூன்று இருந்து என்ன பிரயோஜனம்.

விசாரித்ததில், சிஸ்டர் நோயாளியே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு மூத்த சிஸ்டருக்குத் துணையாக வந்தவர். நோயாளி சிஸ்டருக்குப் பாஸ்போர்ட்டில் ஒழுங்காகக் குடும்பப் பேர் இருந்ததால், அவரை ஒலிபெருக்கி அந்தப் பேரில் அழைத்துவிட்டுப் போயிருக்கிறது. கான்வென்டில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதால் அவர் எழவே இல்லை. நோயாளி உட்கார்ந்திருந்தார், துணைக்கு வந்தவர் இரண்டு தடவை சொட்டு மருந்து வாங்கிக்கொண்டார்.

"நான் பேஷன்ட் இல்லன்னு நீங்க சொல்லலையா சிஸ்டர்?"

"என் வயசுல கண்ணு நல்லாருக்குன்னு எவளாவது சொல்ல முடியுமா? கூப்ட்டாங்க, போனேன். படுன்னாங்க, படுத்தேன். ஊத்துனாங்க. நல்லா ஜில்லுன்னுதான் இருந்துச்சு."

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகாது, சில மணி நேரத்தில் சரியாகிவிடும் என்றார். பார்த்த வேகத்தில் சிஸ்டருக்கு இரண்டு கண்ணிலும் புரை ஆரம்பித்திருப்பதையும் கண்டுபிடித்துவிட்டார். "பாத்தியா?" என்று சிஸ்டர் எனக்கு இடதுபக்கம் இருந்த தூணிடம் வெற்றியோடு சொன்னார். கூடத்தில் அதுவரை முணுமுணுத்தவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கவுன்ட்டர் அக்கா ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, தானே கூடத்துக்கு நடுவில் நின்று பேர் சொல்லிக் கத்தத் தொடங்கினார். ஒலிபெருக்கியைவிடத் தெளிவாக இருந்தது.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரை விரட்டினேன். பேசவேண்டியதெல்லாம் முசியேவின் இக்னோர்களைப் பற்றி மனதுக்குள் வரிசையாக நின்றது. ஆபீஸ் போனதும் முதல் வேலையாக அத்தனை இக்னோரையும் பிடுங்கிப் போட்டேன். சிவப்புக் கொட்டியது. இதில் ஒன்றுதான் சிஸ்டர் கண்ணில் மருந்து ஊற்றியது, கண்டுபிடித்து முசியே மூக்குக்கு நேரே காட்டவேண்டும் என்று ஒரு வெறி. ஒவ்வொன்றாகத் திருத்தினேன். முசியே பக்கத்து நாற்காலியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

பச்சை வந்தது. இந்தத் தடவை இக்னோர் ஒன்றுகூட இல்லாத நிஜமான பச்சை. சோதனைக்கு என் பேரையே, குடும்பப் பேர் இல்லாமல் பதிந்து ஓட்டினேன். என் மேசை ஸ்பீக்கர் என் பேரைச் சொல்லி, பின்னால் அன்போடு "நன்" என்றது.

முசியே சிரிக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

பிறகு இரண்டு பேருமாக ஒலிபெருக்கியிலிருந்து பின்னோக்கி வந்தோம். 'ரிவீல் டைப்' என்று ஒரு வசதி உண்டு. கோடின் நடுவில் அதை எழுதினால், "இந்த இடத்தில் இந்தப் பெட்டியில் என்ன இருப்பதாக நீ நினைக்கிறாய்?" என்று செக்கரிடம் கேட்டதாக ஆகும். ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டே வந்தோம். ஒரே ஒரு வரியில் வந்து நின்றது. சொந்தப் பேர், ஓர் இடைவெளி, குடும்பப் பேர் மூன்றையும் ஒரு மேற்கோள் குறிக்குள் சேர்த்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிற வரி. கேட்டோம். "எழுத்து, அல்லது நன்" என்று செக்கர் பளிச்சென்று சொன்னது. அதற்குத் தெரிந்திருக்கிறது! ஆனால் சிவப்பு இல்லை, ஒன்றும் இல்லை.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றேன்.

"மே நோன், அது தப்பே இல்லயே," என்றார் முசியே மெதுவாக. "மேற்கோளுக்குள்ள எதப் போட்டாலும் பைத்தான் எழுத்தா மாத்திக்கும். எண்ணப் போடு, எழுத்தாயிடும். நன்னப் போடு, என், ஓ, என், ஈன்னு நாலு எழுத்தாயிடும். சட்டப்படி சரி. எதுக்குக் கத்தும்?"

அவர் சொன்னது சரி. நான் பிடுங்கிப் போட்ட இக்னோர்களில் ஒன்றுகூடக் குற்றவாளி இல்லை. குற்றவாளி யாரும் சந்தேகப்படாத ஒரு வரி. அதற்கு யாரும் இக்னோர் ஒட்டவும் இல்லை, ஒட்டத் தேவையும் இருக்கவில்லை. யார் எழுதியது என்று பழைய பதிவுகளில் தேடினோம். முசியே வேலைக்குச் சேர்வதற்கும் முன்னால் எழுதியது. முதலாளி கைப்பட எழுதி, மொத்த மென்பொருளிலும் இன்னும் மிச்சமிருந்த ஒரே வரி.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"என் வரி! இன்னும் வெச்சிருக்கீங்களா? நல்லாத்தானே இருக்கு?"

சிஸ்டர் கதையைச் சொன்னோம். மலர்ந்த முகம் சுருங்கியது. "பச்ச வந்துச்சேம்மா?" என்றார், பச்சை ஏமாற்றிவிட்ட குரலில்.

அன்று மதியம் முசியேவும் நானும் முதல் தடவையாகச் சண்டை போடாமல் பேசினோம். ஒருத்தரை ஒலிபெருக்கியில் அழைப்பதற்கு நோமும் வேண்டாம், பிரெநோமும் வேண்டாம், இனிஷியலும் வேண்டாம். எப்படிக் கூப்பிட்டால் எழுந்து வருவீர்கள் என்று அவரிடமே கேட்டுவிடலாம். அதைச் சொன்னது நானா அவரா என்று இன்றைக்கும் தகராறு. பதிவில் 'அழைக்கும் பேர்' என்று ஒரு புதுப் பெட்டி போட்டோம். காலியாக விடமுடியாது. செக்கருக்கும் புரியும்படி அதற்கென்றே தனி டைப் ஒன்றை உண்டாக்கினோம். ஒலிபெருக்கி அந்த டைப்பை மட்டும்தான் வாங்கும், சாதாரண எழுத்தைக் கொடுத்தால் வாங்காது. ஓட்டினோம். முதலாளியின் வரி முதல் தடவையாகச் சிவப்பானது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நாங்கள் அதை நீக்கினோம்.

ஆஸ்பத்திரியில் புதுப் பெட்டி போட்டதும் வேறு மாதிரிக் கூத்து. எப்படிக் கூப்பிடணும் என்று ஊரைக் கேட்டால் ஊர் சொல்லாமல் இருக்குமா? பென்ஷன் வாங்குகிற பிரெஞ்சுப் பட்டாளத்துப் பெரியவர் ஒருவர் 'கப்பொரால்' என்று தன் பதவியை எழுதச் சொன்னார். ஒலிபெருக்கி அழைத்ததும் விறைப்பாக எழுந்து, கதவுவரை நடையே வேறாக நடந்து போனாராம். கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்த மீனவர் ஒருவர், தன் பேரைச் சொன்னால் அடையாளம் தெரியாது என்று படகின் பேரைக் கொடுத்தார். ஒரு டீச்சர் 'டீச்சர்' என்றே பதிந்துவிட, அழைத்தபோது கூடத்தில் நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். கவுன்ட்டர் அக்கா இதையெல்லாம் ஃபோனில் சொல்லிவிட்டு, "போன வாரத்துக்கு இது தேவல மேடம்" என்றார். அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டோம்.

பிரான்ஸ் கிளினிக்குக்கு முதலாளி சுத்தமான அறிக்கையை அனுப்பினார். கூடவே அழைக்கும் பேரைப் பற்றி ஒரு பக்கம் பெருமை அடித்திருந்தார். முசியே அதைப் பிரெஞ்சில் இன்னும் கொஞ்சம் கூட்டி எழுதினார். பதில் வந்தது. அறிக்கை பிரமாதம், வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் தங்கள் நாட்டில் நோயாளியைப் பேர் சொல்லி ஒலிபெருக்கியில் அழைப்பது நாகரிகம் இல்லை, அந்தப் பகுதியை எடுத்துவிட்டு வெறும் டோக்கன் நம்பர் வைத்துத் தாருங்கள் என்றும் எழுதியிருந்தார்கள்.

முசியே அதை வாய்விட்டுப் படித்து முடித்தார். முதலாளி மோவாயைச் சொறிந்துகொண்டு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக ஒரு தொழில்நுட்பக் கேள்வி கேட்டார்.

"டோக்கன் நம்பருன்னா, அது எண்ணா எழுத்தா?"

"எண்ணு," என்றார் முசியே.

"எழுத்து," என்றேன் நான். "முன்னால சைபர் வந்தா எண்ணுல போயிடும் முசியே. சைபர் சைபர் ஏழு வெறும் ஏழாயிடும்."

"மே நோன்! டோக்கனுக்கு எதுக்கு முன்னாடி சைபரு?"

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பஃப்ஸ் வாங்கக் கீழே இறங்கிப் போனார்.